ஐந்து பேர் கையெழுத்தில் நிற்கும் கல்யாணம்

அமெரிக்காவில் இன்று எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒருபால் தம்பதிகள் சட்டப்படி மணம் முடித்து வாழ்கிறார்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும். வேலைக்குப் போகிறார்கள், வாடகை கட்டுகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள், நம்மைப் போலவே மாதக் கடைசியில் கையைப் பிசைகிறார்கள். நாடு முழுவதும் எந்த ஊரிலும் இவர்கள் மணம் முடிக்கலாம் என்ற உரிமை எதன்மேல் நிற்கிறது? அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மேலா? இல்லை. அரசியல் சட்டத்தில் எழுதி வைத்த வாசகத்தின் மேலா? அதுவும் இல்லை. 2015 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் போட்ட கையெழுத்தின் மேல் நிற்கிறது. மற்ற நான்கு பேர் கூடாது என்று எழுதினார்கள்.

அந்த ஐந்து பேர் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். தீர்ப்பை எழுதிய கென்னடி 2018-இல் ஓய்வு பெற்றார். கின்ஸ்பர்க் அம்மையார் 2020-இல் மறைந்தார். பிரேயர் 2022-இல் விலகினார். 2025-ஆம் ஆண்டு முடியும்போது மிச்சம் இருந்தவர்கள் சோட்டோமேயர், ககன் என்ற இரண்டு பெண்கள். கூடாது என்ற நால்வரில் ஸ்காலியா 2016-இல் இறந்துபோனார். ராபர்ட்ஸ், தாமஸ், அலிட்டோ மூவரும் அப்போதும் அதே நாற்காலிகளில்தான் இருந்தார்கள். இடையில் மூன்று நாற்காலிகளை டிரம்ப் தம் முதல் ஆட்சிக் காலத்திலேயே நிரப்பிவிட்டார். கூட்டிக் கழித்துப் பார்க்கப் பெரிய கணக்குப் படிப்பு வேண்டியதில்லை.

"அமெரிக்காக்காரன் ஆணை ஆண் கட்டினால் நமக்கென்ன, பெண்ணைப் பெண் கட்டினால் நமக்கென்ன? குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி எழுதுங்கள்" என்று நம் வாசகர்களில் சிலர் சொல்வார்கள் என்று தெரியும். தண்ணீரைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம், வரும்வரை எழுதுவோம். ஆனால் இந்த விவகாரத்துக்குள் நமக்கு நன்றாகப் பழக்கமான ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் இத்தனை பக்கம்.

எல்லையில் செத்துப்போகும் காகிதம்

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தபோது தாழ்த்தப்பட்டவன் என்று ஊரே கூடி அடையாளம் சொன்ன மனிதன், மும்பையில் தன் மகனைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறான். "1950 ஆகஸ்ட் 10-க்கு முன்னால் உன் குடும்பம் மகாராஷ்டிரத்தில் இருந்ததற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்கிறார்கள். தாசில்தார் முத்திரை குத்திய சான்றிதழ் ரயில் ஏறும்போது செல்லுபடியாகும் பத்திரம். கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டியதும் வெறும் தாள். 1990-இலும் 1994-இலும் நம் உச்ச நீதிமன்றமே இதைச் சட்டம் என்று சொல்லிவிட்டது. சலுகைதான் எல்லையில் இறங்கிக்கொள்கிறது. சாதியோ டிக்கெட் இல்லாமலே கூட வந்து குடியேறிக்கொள்கிறது.

அமெரிக்காவில் 2004 முதல் 2015 வரை, பதினோரு ஆண்டுகள், கல்யாணத்துக்கே இந்தக் கதி இருந்தது. 2004 மே 17 அன்று மாசசூசெட்ஸ் என்ற மாநிலம் முதன்முதலில் ஒருபால் தம்பதிகளுக்கு முழுத் திருமண உரிமை கொடுத்தது. ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1996-இல், மத்திய அரசு ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தது: எந்த மாநிலம் செய்து வைத்தாலும் மத்திய அரசின் கணக்கில் அது கல்யாணம் இல்லை, மற்ற மாநிலங்களும் அதை ஏற்க வேண்டியதில்லை. கையெழுத்திட்டவர் முற்போக்காளர் என்று பெயர் வாங்கிய கிளிண்டன். தேர்தல் வருடம் அது!

இதன் பொருள் என்ன? ஒரே தம்பதி, ஒரே மோதிரம், ஒரே பத்திரம். பாஸ்டன் நகரில் கணவன். ஒஹையோ மாநிலத்துக்குள் வண்டி நுழைந்தால் அந்நியன்.

ஒஹையோ என்று சும்மா சொல்லவில்லை. 2015 தீர்ப்புக்குப் பெயர் கொடுத்த வழக்கே அங்கிருந்துதான் வந்தது. சின்சினாட்டி நகரத்து ஜிம் ஓபர்கஃபெல்லும் ஜான் ஆர்தரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஆர்தருக்கு ஏ.எல்.எஸ். என்ற நோய்; கை, கால், நாக்கு என்று தசைகளை ஒவ்வொன்றாக முடக்கி மூச்சில் கொண்டுபோய் முடிக்கும் நோய். சாவதற்கு முன் மணம் முடிக்க ஆசைப்பட்டார்கள். சொந்த மாநிலத்தில் தடை. உற்றாரும் நண்பர்களும் பணம் திரட்டிக் கொடுக்க, 2013 ஜூலையில் மருத்துவ வசதியுள்ள ஒரு சிறு விமானத்தில் படுத்த படுக்கையாகவே ஆர்தரை ஏற்றி மேரிலாண்ட் மாநிலத்துக்குப் பறந்தார்கள். பால்டிமோர் விமான நிலையத்தில், ஓடுபாதையில் நின்ற விமானத்துக்குள்ளேயே கல்யாணம் நடந்தது. உடனே திரும்பினார்கள். மூன்று மாதத்தில், அக்டோபரில், ஆர்தர் இறந்துபோனார்.

வழக்கு எதற்கு என்று நினைக்கிறீர்கள்? சொத்துக்கா, நஷ்டஈட்டுக்கா? இறப்புச் சான்றிதழில் 'உயிரோடிருக்கும் துணைவர்' என்ற கட்டத்தில் ஒரு பெயர் எழுத வேண்டும் என்பதற்கு! அந்த ஒரு வரியை எழுதக் கூடாது என்று ஒஹையோ அரசு வக்கீல்களை வைத்து உச்ச நீதிமன்றம் வரை சண்டை போட்டது. பிணத்தோடும் சண்டை போடும் அரசுகள் எல்லா தேசத்திலும் உண்டு போலும்.

தொழிலாளிக்குக் கல்யாணம் என்றால் என்ன

இது வசதி படைத்தவர்களின் விவகாரம் என்று ஒரு பேச்சு உண்டு. அதையும் பார்த்துவிடுவோம். 2013-இல் 1996 சட்டத்தின் முதுகெலும்பை உடைத்த வழக்கைப் போட்ட ஈடித் வின்ட்சர் வசதியானவர்தான். துணைவி தியா ஸ்பயர் இறந்தபோது, 'நீ மனைவி இல்லை' என்று சொல்லி மத்திய அரசு அவரிடம் வாங்கிய வாரிசு வரி 3,63,053 டாலர். நம்மில் யாருக்கும் அப்படிப்பட்ட கவலை வரப்போவதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு யாருக்கெல்லாம் கதவைத் திறந்தது என்பதையல்லவா பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் வைத்தியம் பார்க்கப் பெரும்பாலோருக்குக் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. கட்டிய மனைவிக்கும் கணவனுக்கும் அது நீளும்; 'நண்பருக்கு' நீள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதலாளி மனமிரங்கி நீட்டினாலும் மத்திய அரசு அதை வருமானம் என்று வரி போட்டது. சம்பளத்தில் மாதந்தோறும் சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பிடிக்கிறார்கள். உழைத்தவர் இறந்தால் துணைக்கு உதவித்தொகை வரும். 2013 வரை ஒருபால் தம்பதிகளுக்கு அது வராது. நாற்பது வருடம் மருத்துவமனையில் தரை துடைத்த பெண், நாற்பது வருடமும் மற்றவர்களைப் போலவே பிடித்தம் கொடுத்தாள். அவள் செத்த மறுநாள் அவளோடு வாழ்ந்தவளுக்குச் சல்லிக்காசு இல்லை. பிடிக்கும்போது மட்டும் நீ யாரோடு வாழ்கிறாய் என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. அயல்நாட்டுத் துணையைக் குடும்பம் என்று சொல்லிக் குடியுரிமைக்கு வழிசெய்யவும் முடியாது.

கல்யாணம் என்றால் பந்தலும் மேளமும் பாயசமும் என்று நினைப்பவர்கள் சங்க அலுவலகத்துக்கு ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். பி.எஃப். நாமினி படிவம், ஈ.எஸ்.ஐ. அட்டை, ரேஷன் கார்டு, விபத்தில் செத்தவனின் நஷ்டஈட்டு மனு. நம் வீடுகளில் கல்யாணம் இந்தத் தாள்களில்தான் நடக்கிறது. சொத்துள்ளவன் உயில் எழுதி வைப்பான், வக்கீலை வைப்பான், டிரஸ்ட் அமைப்பான். ஒன்றுமில்லாதவனுக்கு 'இவள் என் மனைவி' என்ற ஒரு சொல்தான் உயில், வக்கீல் எல்லாம்.

தாமஸ் போட்ட கோடு

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1973 முதல் நிலைத்திருந்த கருக்கலைப்பு உரிமையைத் தூக்கி எறிந்தது. நாற்பத்தொன்பது ஆண்டுகள்! அந்த உரிமையோடு பிறந்து வளர்ந்து பேரப்பிள்ளை எடுத்த பெண்கள் இருக்கிறார்கள். தீர்ப்பை எழுதிய அலிட்டோ, இது கருக்கலைப்புக்கு மட்டும்தான், வேறு உரிமைகளைத் தொடவில்லை என்று சமாதானம் எழுதினார். அதே தீர்ப்போடு சேர்த்து நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதினார்: கருத்தடைச் சாதனம் பயன்படுத்தும் உரிமை, ஒருபால் உறவைக் குற்றமென்று சொல்லக் கூடாது என்ற 2003 தீர்ப்பு, ஒருபால் திருமணம் பற்றிய 2015 தீர்ப்பு, இவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று.

இந்தப் பட்டியலில் விடுபட்ட ஒரு பெயர் இருக்கிறது. 1958-இல் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த வெள்ளை இளைஞர் ரிச்சர்ட் லவ்விங்கும் கறுப்பினப் பெண் மில்ட்ரெடும் தலைநகர் வாஷிங்டனுக்குப் போய் மணம் முடித்துத் திரும்பினார்கள். நள்ளிரவில் படுக்கையறைக்குள் நுழைந்தது போலீஸ். கலப்பு மணம் அங்கே குற்றம். ஒரு வருடச் சிறை. இருபத்தைந்து ஆண்டுகள் சேர்ந்து மாநிலத்துக்குள் கால் வைப்பதில்லை என்றால் சிறை இல்லை! 1967-இல்தான் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் அந்தச் சட்டங்களை ஒழித்தது. யார் யாரை மணப்பது என்பது அரசின் வேலை இல்லை என்ற அந்த அடித்தளத்தின் மேல்தான் 2015 தீர்ப்பும் கட்டப்பட்டது. தாமஸ் கறுப்பினத்தவர், மனைவி வெள்ளை இனத்தவர், குடியிருப்பதும் அதே வர்ஜீனியாவில்! தன் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டின் அஸ்திவாரத்தை மட்டும் தோண்டச் சொல்கிறார் மாண்புமிகு நீதிபதி. இரண்டு வீட்டுக்கும் அஸ்திவாரம் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியாதா?

சாதி மாறிக் கட்டியவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். ஊருக்குத் திரும்ப முடியாமல் இங்கே வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். லவ்விங் தம்பதியின் கதையை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாதிக் கதவு

தாமஸ் எழுதியதைப் பார்த்துப் பயந்துதான் 2022 டிசம்பர் 13 அன்று பைடன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். செனட்டில் 61-க்கு 36, கீழவையில் 258-க்கு 169 என்று நிறைவேறியது. 1996 சட்டம் அதோடு ஒழிந்தது. ஒரு மாநிலத்தில் முறைப்படி நடந்த திருமணத்தை மத்திய அரசும் மற்ற மாநிலங்களும் ஏற்க வேண்டும். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் வாசித்துப் பார்த்தால் ஒரு ஓட்டை: ஒருபால் தம்பதிகளுக்கு நீயும் கல்யாணம் செய்து வைத்தே ஆக வேண்டும் என்று எந்த மாநிலத்தையும் அது கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கட்டாயம் 2015 தீர்ப்பிலிருந்து மட்டுமே வருகிறது.

நாளை அந்தத் தீர்ப்பு சாய்ந்தால் என்ன நடக்கும்? பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களின் புத்தகங்களில் பழைய தடைச் சட்டங்கள் அழிக்கப்படாமல் தூங்குகின்றன, எழுந்து உட்காரும். அலபாமாவில் இருக்கும் பணக்காரத் தம்பதி விமானம் ஏறி நியூயார்க்கில் மோதிரம் மாற்றிக்கொண்டு திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துவிடுவார்கள்; அவர்கள் கல்யாணம் அலபாமாவிலும் செல்லும். கோழி அறுக்கும் ஆலையில் மணிக் கூலிக்கு நிற்கும் இரண்டு பெண்கள் என்ன செய்வார்கள்? இரண்டு பேருக்கு டிக்கெட், தங்கும் செலவு, போன நாளுக்குக் கூலி இல்லை. கருக்கலைப்பில் 2022-க்குப் பிறகு நடப்பது இதுதான்: காசுள்ளவள் மாநிலம் தாண்டுகிறாள், இல்லாதவள் சுமக்கிறாள். உரிமை ஒழிந்தது என்று சொல்ல மாட்டார்கள். பஸ் சத்தம் இருந்தால் உரிமை உண்டு என்பார்கள்.

சட்டம் இருக்கும்போதே சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதை வேறு. 2015 தீர்ப்பு வந்த கையோடு, கென்டக்கி மாநிலத்து ரோவன் கவுண்டியின் எழுத்தர் கிம் டேவிஸ் அம்மையார் தம் மதம் அனுமதிக்கவில்லை என்று யாருக்குமே திருமண உரிமம் கொடுக்க மறுத்தார். கோர்ட் சொல்லியும் கேட்காததால் ஐந்து நாள் சிறை. பிறகு உரிமம் மறுக்கப்பட்ட இரண்டு பேருக்கு ஒரு லட்சம் டாலர் கொடுக்க வேண்டுமென்று 2023-இல் ஜூரி சொன்னது. 2025-இல் அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2015 தீர்ப்பையே ரத்து செய்யுங்கள் என்று கேட்டார். 2025 நவம்பர் 10 அன்று ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். பலர் பெருமூச்சு விட்டார்கள். விடட்டும். ஆனால் மனுவை எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கும், தீர்ப்பு சரியென்று சொல்லிவிட்டார்கள் என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதே 2025 ஜனவரியில் ஐடஹோ மாநிலக் கீழவை, தீர்ப்பைத் திரும்பப் பெறுங்கள் என்று தீர்மானமே போட்டது. ஜூனில் தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடும் அதையே தீர்மானித்தது. டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம் அக்டோபரில் விதியைத் திருத்தி, மத நம்பிக்கையைக் காட்டி நீதிபதிகள் திருமணம் செய்து வைக்க மறுத்தால் தவறில்லை என்றது. யாரோ வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் இதிலிருந்து தெரிகிறது.

சரி, கோர்ட் வேண்டாம் என்றால்?

நீதிமன்றம் சொல்லித் தமிழனின் கல்யாணமும் செல்லாமல் போனதுண்டு. ஐயரும் தீயும் ஏழடியும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மேடையில், தலைவர்கள் முன்னிலையில் மாலை மாற்றிப் பத்து வருடம் குடித்தனம் செய்தவர்கள் ஒரே நாளில் கோர்ட் கணக்கில் யாரோ ஆனார்கள்; பிள்ளைகளுக்குப் பெயரில்லாமல் போனது. சரிசெய்தது எந்த நீதிபதியும் அல்ல. 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. 1968-இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த திருமணங்களுக்கும் சேர்த்தே செல்லும் என்று எழுதினார்கள். அதுவும் தமிழ்நாட்டுத் திருத்தம்தான் என்பதைப் புலம்பெயர்ந்த நாம் மறக்கக் கூடாது. அதற்கும் மாநில எல்லை உண்டு.

அதனால் எல்லாவற்றையும் ஓட்டுக்கு விட்டால் தீர்ந்தது என்று சொல்ல வரவில்லை. கலிபோர்னியாவைப் பாருங்கள். 2008 மே மாதம் மாநில நீதிமன்றம் உரிமை கொடுத்தது. சுமார் 18,000 ஜோடிகள் மணம் முடித்தார்கள். நவம்பரில் வாக்காளர்களே 52 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு உரிமையைப் பிடுங்கினார்கள். ஒபாமாவைத் தேர்ந்தெடுத்த அதே நாளில், அதே பெட்டியில்! மக்கள் தீர்ப்பு மகேசன் தீர்ப்பு என்று அன்று சொல்லியிருந்தால் அந்த 18,000 ஜோடிகள் நம் முகத்தில் காறித் துப்பியிருப்பார்கள்.

நம் நாட்டிலும் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், ஒருபால் மணம் அடிப்படை உரிமை இல்லை, வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தைக் கேள் என்றார்கள். 2025 ஜனவரியில் மறுசீராய்வு மனுக்களும் தள்ளுபடி. நாடாளுமன்றம் கேட்டதாகத் தெரியவில்லை. இடையில் கிடைத்த ஒரு துண்டு: சேர்ந்து வாழும் ஒருபால் துணைகளை ஒரே குடும்பமாக ரேஷன் கார்டில் சேர்க்கலாம் என்று 2024-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அரிசிக்கு மட்டும் குடும்பம்! சாவுக்கும் சொத்துக்கும் பிள்ளைக்கும் இல்லை.

கலிபோர்னியாவுக்கே திரும்புவோம், ஏனென்றால் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அங்கேதான் இருக்கிறது. 1970-களில் கூர்ஸ் என்ற பீர் முதலாளிக்கு எதிராக லாரி ஓட்டுநர்கள் சங்கமான டீம்ஸ்டர்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் போராடியது. சங்கத்துக்காரர் ஆலன் பேர்ட், தன்பால் ஈர்ப்புள்ளோரின் மதுக்கடைகளில் கூர்ஸ் பீரை நிறுத்த உதவுமாறு ஹார்வி மில்க்கைக் கேட்டார். மில்க் கேட்ட விலை ஒன்று: எங்கள் ஆட்களுக்கும் லாரி ஓட்டும் வேலை கொடுங்கள். பேரம் முடிந்தது, கடைகளில் கூர்ஸ் நின்றது. முரட்டு லாரி டிரைவர்களும் ஊர் கேலி செய்த இளைஞர்களும் ஒரே மறியலில் நின்றார்கள். 1978-இல், தன்பால் ஈர்ப்புள்ளோர் பள்ளி ஆசிரியராக இருக்கக் கூடாது என்ற பிரிக்ஸ் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்து வேலை செய்தன, மசோதா தோற்றது. அப்படித் தெருவில் சேர்த்த உறவு ஐந்து நீதிபதிகளின் கையெழுத்துக்கு முப்பத்தேழு வருடம் முந்தியது.

1996-இல் அமெரிக்கர்களில் 27 சதவீதம் பேர்தான் ஒருபால் மணத்தை ஆதரித்தார்கள் என்று கேலப் கணக்கு, 2022-இல் 71. நீதிபதிகள் உபதேசம் செய்து இது நடக்கவில்லை. பக்கத்து மேஜையில் வேலை செய்பவள், சொந்தத் தம்பி, பெற்ற மகள் என்று ஒவ்வொருவராக வாய் திறந்து சொன்னதால் நடந்தது. 2025-இல் அது 68 என்று சற்று இறங்கியிருக்கிறது. ஒருகாலத்தில் 55 வரை போன குடியரசுக் கட்சிக்காரர்களின் ஆதரவு 41-க்கு விழுந்ததே காரணம். மேடையில் ஒரு தரப்பு ஓயாமல் பேசி, மறு தரப்பு 'அதான் தீர்ப்பு வந்துவிட்டதே' என்று வீட்டுக்குப் போய்விட்டால் இப்படித்தான் ஆகும்.

வீட்டுக்குப் போகாதவர்களும் உண்டு. 2020-இல் நெவாடா, 2024 நவம்பரில் கலிபோர்னியா, கொலராடோ, ஹவாய் என்று நான்கு மாநில வாக்காளர்கள் தங்கள் மாநில அரசியல் சட்டங்களிலிருந்து தடை வாசகத்தைத் தாங்களே ஓட்டுப் போட்டு அழித்தார்கள். 2008-இல் பிடுங்கிய கலிபோர்னியாவும் அதில் ஒன்று என்பதைக் கவனியுங்கள். அங்கெல்லாம் ஐந்து பேர் மனம் மாறினாலும் பயமில்லை. 2015 வழக்கு எழுந்த மாநிலங்கள் ஒஹையோ, கென்டக்கி, மிச்சிகன், டென்னசி. அந்த நான்கின் அரசியல் சட்டங்களிலும், 2025-ஆம் ஆண்டு முடிந்தபோது, தடை வாசகம் எழுதியது எழுதியபடியே இருந்தது.